நிறுத்திவைத்தலும் நின்றுபோதலும்: ஓவரெண்ட் கர்னி நிறுவனத்தின் வீழ்ச்சியில் (1866) சொல்லும் பொருளும்

0. முன்னுரை

வணிக வரலாறு பெரும்பாலும் எண்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆயினும் வட்டித்தொழிலின் மூலப்பொருள் பணம் மட்டும் அன்று, சொல்லும் ஆகும். உண்டியல் என்பது ஒரு வாக்குறுதி. கையொப்பம் என்பது ஒரு பெயர். வைப்பு என்பது ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியதன் விளைவு. எனவே ஒரு வங்கி நிறுவனம் வீழ்வதைச் சொற்கள் தம் பொருளை இழக்கும் நிகழ்வாகவும் காண இயலும்.

இலண்டன் மாநகரின் லம்பார்டு தெருவில் இயங்கிய ஓவரெண்ட், கர்னி நிறுவனம் 1866 மே 10ஆம் நாள் தன் பட்டுவாடாவை நிறுத்தியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த வங்கி வீழ்ச்சிகளுள் மிகப் பெரியனவற்றுள் இஃது ஒன்று. அந்நிகழ்ச்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதில் மொழி எவ்விடங்களில் குறுக்கிட்டது என்பதையும், அவ்விடங்களைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் யாவை என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சொல்லை அயல்நாட்டார் தவறாகப் பொருள்கொண்டதால் ஒரு நாட்டின் நிதி நெருக்கடி மேலும் கடுமையடைந்தது என்பது இவ்வரலாற்றில் மொழிபெயர்ப்பாளர் ஆழ்ந்து நோக்க வேண்டிய பகுதியாகும்.

1. நிறுவனமும் தொழிலும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ரிச்சர்ட்சன் என்பவர் இலண்டனில் உண்டியல் தரகுத் தொழிலைத் தொடங்கினார். ஜான் ஓவரெண்ட் அவருடன் சேர்ந்தார். நாரிச் நகரில் 1770 முதல் வங்கி நடத்திவந்த கர்னி குடும்பத்தைச் சேர்ந்த சாமுவேல் கர்னி 1807இல் இதில் இணைந்தார். 1820களின் இறுதியில் இந்நிறுவனம் ஓவரெண்ட், கர்னி என்னும் பெயரைப் பெற்றது.

இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் அறுவடை முடிந்ததும் வேளாண் மக்களின் பணம் ஊர்ப்புற வங்கிகளில் தேங்கும். வடக்கில் ஆலைத்தொழில் வளர்ந்த மாவட்டங்களிலோ பணத்திற்கு எப்போதும் தட்டுப்பாடு. ஆலைமுதலாளி ஒருவர் மூன்று மாதத்தில் பணம் பெறவேண்டிய உண்டியலைக் கையில் வைத்திருப்பார். அவருக்குப் பணம் இன்றே வேண்டும். தரகர் அவ்வுண்டியலைப் பெற்று, உபரிப் பணம் உள்ள கிழக்கு வங்கிக்கு விற்பார். இடைப்பட்ட காலத்துக்குரிய தொகை முன்கூட்டியே கழிக்கப்படும். தொடக்கத்தில் தரகு மட்டுமே செய்துவந்த நிறுவனம், பின்னர்த் தானே வைப்புகளை ஏற்று, தன் பொறுப்பில் உண்டியல்களை வாங்கத் தொடங்கியது. 1825ஆம் ஆண்டு நெருக்கடியில் பிற வங்கிகளுக்கே பணம் தந்து உதவும் நிலைக்கு உயர்ந்தது. வங்கிகளின் வங்கி என அது பெயர் பெற்றது.

1.1 இத்தொழிலின் கலைச்சொற்கள் தமிழில் இல்லாதன அல்ல. 'பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்' என்பதற்குச் சட்டத்தமிழ் மாற்றுச்சீட்டு எனக் கொள்ளும். வணிகத்தமிழில் உண்டியல் என்னும் சொல் வழங்கிற்று. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தொழில்வழக்கில் இச்சொல் நன்கு ஊன்றியிருந்தது. ஆனால் இன்று தமிழகத்தில் உண்டியல் என்றால் கோயிலில் காணிக்கை இடும் பெட்டியும், சிறுவர் காசு சேர்க்கும் கலமுமே முதலில் நினைவுக்கு வரும். கடல்கடந்து வாழும் தமிழரிடையே வங்கியின் துணையின்றிப் பணம் அனுப்பும் முறையையும் அது குறிக்கும். ஆகவே 19ஆம் நூற்றாண்டுச் செய்தியைக் கூறுமிடத்து உண்டியல் என எழுதும் மொழிபெயர்ப்பாளர் முதல் வழக்கிலேயே அதன் பொருளை விளக்கிவிடுதல் நன்று.

'டிஸ்கவுண்ட்' என்பதும் அத்தகையதே. இன்றைய கடைத்தெருத் தமிழில் அது தள்ளுபடி. புடவைக்கடையின் ஆடித் தள்ளுபடியும் உண்டியலின் கழிவும் ஒன்றல்ல. முன்னது விற்பவர் மனமுவந்து விலையில் குறைப்பது. பின்னது காலத்தின் விலையாக வாங்குபவர் பிடித்துக்கொள்வது. நாணய மாற்றில் பிடிக்கப்படும் தொகையை வட்டம் எனப் பழைய வழக்கு குறிக்கும். வட்டி, வட்டம் ஆகியவற்றின் ஒலி ஒற்றுமையும் பொருள் நெருக்கமும் கருதி, உண்டியல் வட்டம் என்னும் தொடரை மீட்டுக்கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

2. நாணயம்

கர்னி குடும்பத்தினர் நண்பர் சங்கம் எனப்படும் குவேக்கர் சமயப் பிரிவினர். சிறைச் சீர்திருத்தத்தில் புகழ்பெற்ற எலிசபெத் ஃபிரை சாமுவேல் கர்னியின் உடன்பிறந்தவர். இப்பிரிவினர் நீதிமன்றத்திலும் ஆணையிட்டுச் சொல்ல மறுத்தவர்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அதற்குமேல் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கொள்கை. ஆணையின்றி உறுதிமொழி கூற அவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலச் சட்டம் இடமளித்தது. சொல் தன் வலிமையிலேயே நிற்கவேண்டும் என்னும் இக்கொள்கை வட்டித்தொழிலுக்கு மிகப்பெரிய முதலாக அமைந்தது.

கடனைத் திருப்பித் தர இயலாமற் போவதை அவர்கள் வெறும் தொழில் இழப்பாகக் கருதவில்லை, ஒழுக்கக்கேடாகவே கருதினர். எலிசபெத் ஃபிரையின் கணவரது வங்கி 1828இல் நொடித்தபோது, அவர் சங்கத்தின் உறுப்பினர் நிலையை இழந்தார்.

இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் அடக்குவது தமிழின் தனித்தன்மை. நாணயம் என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். 'நாணயமானவர்' என்று ஒருவரைச் சொல்லும்போது அவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதை நாம் எண்ணுவதில்லை. ஆங்கிலத்தின் 'கிரெடிட்' என்னும் சொல் நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அதனைக் கடன் எனப் பெயர்க்கும்போது நம்பிக்கை என்னும் கூறு மறைகிறது. மேலும், தமிழில் கடன் என்பது கொடுப்பவர் பக்கத்தையும் வாங்குபவர் பக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். கடமை என்னும் பொருளும் அதற்கு உண்டு. 'ஓவரெண்டின் கிரெடிட் குலைந்தது' என்னும் கருத்தைக் 'கடன் குலைந்தது' என எழுதினால் பொருளே இராது. 'நாணயம் கெட்டது' என எழுதினால் தமிழர் எவருக்கும் விளங்கும்.

3. சீர்கேடு

சாமுவேல் கர்னி 1856இல் காலமானார். அடுத்த தலைமுறையினர் உண்டியல் தரகோடு நிற்கவில்லை. கப்பல் நிறுவனங்கள், இரும்பாலைகள், இருப்புப்பாதை ஒப்பந்தக்காரர்கள் எனப் பலர்க்கும் நெடுங்காலக் கடன் அளித்தனர். வைப்புகளோ கேட்டவுடன் திருப்பித் தரவேண்டியவை. குறுங்காலத்துக்கு வாங்கி நெடுங்காலத்துக்கு முடக்குதல் என்னும் பழைய தவறு இங்கும் நிகழ்ந்தது. கடன்பட்ட நிறுவனங்கள் தவணை தவறியபோது, முன்பு கொடுத்ததைக் காப்பாற்றுவதற்காக மேலும் கொடுத்தனர். இறுதியில் கடன் கொடுத்தவரே கப்பல்களுக்கு உரிமையாளராக நேர்ந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்து வங்கியுடனான உறவும் கெட்டது. 1857ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின், உண்டியல் தரகர்களுக்கு வழக்கமான மறுகழிவு வசதி இல்லை என அவ்வங்கி 1858இல் விதி வகுத்தது. இவ்விதியை முறியடிக்க எண்ணிய ஓவரெண்ட் நிறுவனத்தார், 1860 ஏப்ரலில் தம் தரப்பினருடன் சேர்ந்து மூன்று நாளில் சுமார் 16 லட்சம் பவுனை அவ்வங்கியிலிருந்து எடுத்தனர். வங்கி பணியவில்லை. எடுத்த பணம் திரும்பி வந்தது. பகை மட்டும் தங்கிற்று.

4. அறிக்கையின் மொழி

1865 ஜூலையில், கூட்டாளிகளின் தனி நிறுவனமாக இருந்த ஓவரெண்ட், வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனியாக மாற்றப்பட்டது. முதல் 50 லட்சம் பவுன். 50 பவுன் பங்குகள் 1 லட்சம். ஒவ்வொரு பங்கிற்கும் 15 பவுன் மட்டுமே உடனடியாகச் செலுத்தவேண்டும். நற்பெயர் மதிப்பாகப் பழைய கூட்டாளிகளுக்கு 5 லட்சம் பவுன் தரப்படும் என அறிக்கை கூறிற்று. உண்மையிலோ பழைய நிறுவனத்தின் கணக்கில் 30 லட்சம் பவுனுக்கும் மேற்பட்ட இழப்பு மறைந்திருந்தது.

மொழியியலார் நோக்கில் இவ்வறிக்கை ஆராயத்தக்க ஒரு பனுவல். அதில் கூறப்பட்டவை தனித்தனியே பொய்யல்ல. தொழில் மாற்றப்படுவதாகக் கூறிற்று, மாற்றப்பட்டது. இழப்பு நேரின் பழைய கூட்டாளிகள் ஈடு செய்வர் எனக் கூறிற்று. அதற்கு ஒப்பந்தமும் இருந்தது. ஆவணங்களின் படிகளை வழக்குரைஞர் அலுவலகத்தில் பார்க்கலாம் எனவும் கூறிற்று. ஆனால் நிறுவனத்தின் நிலையை வெளிப்படுத்தக்கூடிய இரண்டாவது ஆவணம் ஒன்று இருந்ததை அவ்வறிக்கை கூறவில்லை. சொல்லியவற்றால் அன்றிச் சொல்லாது விட்டதால் ஒரு பனுவல் பொய்யாக இயலுமா என்பதே பின்னர் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி.

4.1 இது தொடர்பான பீக் எதிர் கர்னி வழக்கில் பிரபுக்கள் சபை 1873இல் தீர்ப்பளித்தது. பகுதி உண்மையைக் கூறி எஞ்சியதை மறைக்கும்போது, கூறிய பகுதியே பொய்யாகிவிடும் என்னும் கருத்து அங்கு ஏற்கப்பட்டது. ஆயினும் வழக்காடியவர் தோற்றார். அவர் கம்பெனியிடம் நேரடியாகப் பங்கு பெற்றவர் அல்லர்; பின்னர்ச் சந்தையில் வாங்கியவர். அறிக்கை முதற்பங்கு கோருவோரை நோக்கிச் சொல்லப்பட்டது, பங்கு ஒதுக்கப்பட்டதோடு அதன் பணி முடிந்தது, அதைப் படித்துச் சந்தையில் வாங்கியவர்க்கு அதைச் சொன்னவர் பொறுப்பாகார் என்பது தீர்ப்பின் சாரம். கூற்று ஒன்றுக்குக் கேட்போர் யார், செவியுற்றோர் யார் என மொழியியல் பிரித்துக் காட்டும் வேறுபாடு, ஈண்டு ஒருவரின் பெருஞ்செல்வத்தைத் தீர்மானித்தது.

4.2 'லிமிடெட்' என்னும் ஒட்டுச்சொல்லும் பலரை ஏமாற்றிற்று. பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்றதும் தாம் செலுத்திய 15 பவுனோடு தம் பொறுப்பு முடிந்தது எனப் பங்குதாரர் பலர் எண்ணினர். வரையறை 15 பவுன் அன்று. பங்கின் முழு மதிப்பாகிய 50 பவுன். வஞ்சிக்கப்பட்டுப் பங்கு வாங்கியிருப்பினும், கம்பெனி நொடித்த பின்னர்க் கடன்கொடுத்தோர்க்கு எதிராக அதைக் காரணம் காட்டி விலக இயலாது என ஓக்ஸ் எதிர் டர்குவாண்ட் வழக்கில் பிரபுக்கள் சபை 1867இல் முடிவு செய்தது. நாம் 'வரையறுக்கப்பட்டது', 'வரையறுக்கப்பட்ட தனியார்' எனக் கம்பெனிப் பெயர்களின் பின் எழுதும்போது எது வரையறுக்கப்பட்டது என்பது தமிழிலும் மறைந்தே கிடக்கிறது. பொறுப்பு என்னும் எழுவாய் அங்கு இல்லை.

5. 1866 மே

1866இன் தொடக்கத்தில் வாட்சன், ஓவரெண்ட் என்னும் இருப்புப்பாதை ஒப்பந்த நிறுவனம் நொடித்தது. லம்பார்டு தெரு நிறுவனத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பெயர் ஒப்புமையால் ஐயம் பரவிற்று. பெயரையே முதலாகக் கொண்ட தொழிலில் பெயரின் ஒரு பகுதி வேறிடத்தில் கெட்டாலும் தீங்கு விளையும் என்பதற்கு இது சான்று. மறுபுறம், நாரிச் நகரின் கர்னி வங்கி தனி நிறுவனமாதலின் பிழைத்துக்கொண்டது. 1896இல் பார்க்ளேஸ் வங்கியின் உருவாக்கத்தில் அது இணைந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புதல் கூடாது.

மே மாதத் தொடக்கத்தில் பங்கு விலை சரிந்தது. மே 9இல், இருப்புப்பாதைக் கம்பெனி ஒன்று ஏற்றுக்கொண்ட உண்டியல்கள் செல்லா என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றை வைத்திருந்தது ஓவரெண்ட் நிறுவனம். வைப்பாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டனர். நிறுவனத்தார் இங்கிலாந்து வங்கியின் உதவியை நாடினர். கணக்குகளைப் பார்த்தவர்கள் நிறுவனம் தேறாது எனக் கருதியதால் உதவி மறுக்கப்பட்டது. மே 10 வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி அளவில் நிறுவனத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கடன்தொகை சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை இலண்டன் நிதிச் சந்தையைப் பீதி பற்றியது. அந்நாள் கருப்பு வெள்ளி என்றே வரலாற்றில் பெயர் பெற்றுள்ளது. வங்கிகளின் வாயிலில் கூட்டம் நெருக்கியது. இங்கிலாந்து வங்கி ஒரே நாளில் சுமார் 40 லட்சம் பவுன் கடன் அளித்தது. அதன் கையிருப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

வைப்பாளர் திரண்டு வந்து பணம் கேட்பதை ஆங்கிலம் 'ரன்' எனும். இதனை 'வங்கி ஓட்டம்' எனத் தமிழில் எழுதுவது இதழ்களில் காணப்படுகிறது. இத்தொடர் வங்கி ஓடிவிட்டது எனவும், வங்கி நன்றாக ஓடுகிறது எனவும் பொருள்படும். 'கடை ஓடுகிறது' என்றால் வியாபாரம் நடக்கிறது என்பதன்றோ தமிழ் வழக்கு? 'வைப்பாளர் முற்றுகை' என்பது கருத்தைப் பிழையின்றி உணர்த்தும்.

6. ஒரு சொல், இரு நிறுத்தங்கள்

ஓவரெண்டின் அறிவிப்பு, வைப்புகளின் மீது நேர்ந்த முற்றுகை காரணமாகப் பட்டுவாடாவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று என்னும் கருத்தில் அமைந்திருந்தது. ஆங்கிலத்தில் 'சஸ்பெண்ட்' செயப்படுபொருள் குன்றாவினை. 'ஃபெயில்' இவ்வழக்கில் செயப்படுபொருள் குன்றிய வினை. முன்னதற்கு வினைமுதல் உண்டு; செய்தவர் மீண்டும் தொடங்கலாம் என்னும் குறிப்பும் உண்டு. பின்னது தானே நிகழ்வது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் துணைவினைகளால் மிகத் தெளிவாகக் காட்டும். 'நிறுத்திவைத்தார்கள்' என்பதில் உள்ள வை, பின்விளைவு கருதிச் செய்யும் செயலை உணர்த்தும். எழுதிவைத்தல், எடுத்துவைத்தல் என்பன போல. 'நின்றுபோயிற்று' என்பதில் உள்ள போ, விரும்பத்தகாத, மீளாத நிலையை உணர்த்தும். உடைந்துபோதல், கெட்டுப்போதல் என்பன போல. நிறுவனத்தார் ஒட்டிய அறிவிப்பு வை என்றது; நடந்தது போ. நிறுவனம் மீளவில்லை, கலைக்கப்பட்டது.

6.1 வெள்ளியன்று இரவு அரசு தலையிட்டது. இங்கிலாந்து வங்கி தங்க ஆதரவின்றி வெளியிடத்தக்க தாள்பணத்திற்கு 1844ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு விதித்திருந்தது. தேவைப்படின் அவ்வரம்பை மீறலாம் எனவும், அவ்வாறு மீறினால் பின்னர்ச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்படும் எனவும், வட்டி வீதம் 10 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது எனவும் அரசு கடிதம் எழுதியது. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன். 1847இலும் 1857இலும் இவ்வாறே செய்யப்பட்டது. 1866இல் வரம்பை உண்மையில் மீறவேண்டிய தேவை எழவில்லை. அனுமதி கிடைத்தது என்னும் செய்தியே பீதியைத் தணித்தது.

இந்நடவடிக்கையையும் ஆங்கிலம் சட்டத்தின் 'சஸ்பென்ஷன்' என்றே குறித்தது. முந்தைய நாள் ஓவரெண்ட் செய்ததற்கும் அதே சொல். ஐரோப்பியக் கண்டத்தில் செய்தியைப் படித்தவர் பலர், இங்கிலாந்து வங்கியே பட்டுவாடாவை நிறுத்திவிட்டது எனப் பொருள்கொண்டனர். உண்மை நேர்மாறானது. தடுக்கும் சட்டம் ஒன்றை நிறுத்திவைத்தால் விளைவது நிறுத்தம் அன்று, அனுமதி. எதிர்மறையின் எதிர்மறை உடன்பாடாவது போல, இங்குப் பணம் கூடுதலாகக் கிடைக்க வழி பிறந்தது. செயப்படுபொருள் எது என்பதை நோக்காமல் வினையை மட்டும் பெயர்த்ததால் நேர்ந்த பிழை இது.

6.2 பிழையைத் திருத்த முயன்றது பிழையைப் பெருக்கிற்று. வெளியுறவு அமைச்சர் கிளாரெண்டன் பிரபு மே 12ஆம் நாள் தூதரகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, நாட்டின் வணிகம் உறுதியாகவே உள்ளது என விளக்கினார். ஒரு நாடு தன் நாணயத்தைத் தானே எடுத்துரைக்க நேர்ந்தது அயலாரின் ஐயத்தை மிகுதியாக்கியது. இலண்டனில் வட்டி வீதம் 10 விழுக்காடாக மூன்று மாதத்திற்கு மேல், ஆகஸ்ட் 16 வரை, நீடித்தது. பாரிசில் அப்போது வீதம் அதில் பாதிக்கும் குறைவு. இயல்பான காலத்தில் இத்தகைய வேறுபாடு தங்கத்தை இலண்டனுக்கு விரைந்து இழுத்திருக்கும். அவ்வாண்டு தங்கம் வரத் தயங்கிற்று. ஆஸ்திரிய பிரஷ்யப் போரும் ஒரு காரணமே. எனினும் இலண்டனின் நாணயத்தின் மீது எழுந்த ஐயத்திற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

7. இந்தியத் தொடர்பு

இந்நெருக்கடியின் அலை இந்தியாவையும் தாக்கிற்று. 1833இல் தொடங்கப்பட்ட ஆக்ரா வங்கி, மாஸ்டர்மன் என்னும் இலண்டன் தனியார் வங்கியுடன் 1864இல் இணைந்திருந்தது. இது 1866 ஜூனில் பட்டுவாடாவை நிறுத்தியது. ஆனால் சீரமைக்கப்பட்டு மீண்டும் ஆக்ரா வங்கி என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1900 வரை இயங்கிற்று. ஓவரெண்டுக்குப் பொருந்தாத 'நிறுத்திவைத்தல்' இதற்குப் பொருந்தும். ஒரே ஆங்கிலச் சொல் இரு நிறுவனங்களுக்கும் பயன்படுத்தப்பட்டுள்ள ஆவணங்களைப் பெயர்ப்போர், பின்னிகழ்வை அறியாமல் துணைவினையைத் தேர்ந்தெடுத்தல் இயலாது. தமிழ் இலக்கணம் இங்கு வரலாற்றறிவை வேண்டுகிறது.

பம்பாயில் நிலைமை வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணமாக 1861 முதல் 1865 வரை இந்தியப் பருத்திக்குக் கிடைத்த விலை, பங்கு ஊகத்தைப் பெருக்கியிருந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. இலண்டன் நெருக்கடி அதன்மேல் வந்து சேர்ந்தது. ஏசியாடிக் வங்கிக் கழகம் 1866இல் வீழ்ந்தது. ஊகச் சந்தையின் முதல்வராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்த் நொடித்தார். 1840இல் நிறுவப்பட்ட பம்பாய் வங்கி 1868இல் கலைக்கப்பட்டு, அதே ஆண்டு புதிய வங்கி ஏற்பட்டது. 1843இல் தோன்றிய சென்னை வங்கி இப்புயலில் வீழாமல் நின்றது. பம்பாயின் புதிய வங்கியும் சென்னை, வங்காள வங்கிகளும் 1921இல் இம்பீரியல் வங்கியாக ஒன்றிணைந்தன.

8. வீழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள்

ஆங்கிலத்தின் 'பேங்க்ரப்ட்' உடைந்த பலகை எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது. நொடித்த வட்டிக்கடைக்காரரின் பலகையை உடைக்கும் வழக்கம் இருந்தது என்பர். அவ்வழக்கம் உண்மையாக நிலவியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழில் வழங்கும் திவால் வடஇந்திய மொழிகளிலிருந்து வந்த சொல். தெலுங்கில் திவாலா, கன்னடத்தில் திவாளி எனவும் இது வழங்கும். விளக்கைக் குறிக்கும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தி, கடன் தீர்க்க இயலாத வணிகர் பகலில் கடைமுன் விளக்கேற்றி வைப்பர் என்று விளக்கம் கூறுவர். மலையாளமோ ஆங்கிலத்தின் ஏழை எனப் பொருள்படும் சொல்லை ஏற்றுப் பாப்பர் என்கிறது.

தமிழ்ப் பேச்சுவழக்கில் மஞ்சள் கடிதம் கொடுத்தல், ஐ.பி. கொடுத்தல் என்னும் தொடர்கள் உள. பின்னது நொடிப்பு மனுவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். முன்னது அம்மனுவோ அறிவிப்போ மஞ்சள் தாளில் இருந்ததால் வந்தது என்பர். உடைந்த பலகை, பகல் விளக்கு, மஞ்சள் தாள் ஆகிய மூன்று விளக்கங்களும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. வீழ்ச்சி என்பது பணம் தீர்ந்த கணம் அன்று. அது பிறர் காண அறிவிக்கப்படும் கணம். ஓவரெண்டில் பணம் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்திருந்தது. வீழ்ந்தது கதவில் தாள் ஒட்டிய அன்றே.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்வது? மஞ்சள் கடிதம் கொடுத்தலிலும் ஐ.பி. கொடுத்தலிலும் கடன்பட்டவர் வினைமுதல். சில சூழல்களில் ஏமாற்று என்னும் குறிப்பும் தொனிக்கும். நொடித்துப்போதலில் அக்குறிப்பு இல்லை, இரக்கம் உண்டு. ஓவரெண்ட் இயக்குநர்கள் மீது 1869 டிசம்பரில் வஞ்சகக் குற்றவழக்கு நடந்தது. தலைமை நீதிபதி காக்பர்ன் முன்னிலையில் சான்றாயத்தார் அவர்களைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். எனவே அவர்கள் மஞ்சள் கடிதம் கொடுத்தார்கள் என எழுதுவது நீதிமன்றம் அளிக்காத தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் அளிப்பதாகும். மேலும் ஆங்கிலச் சட்டத்தில் 'பேங்க்ரப்ட்' ஆகுவோர் தனியாட்களே, கம்பெனி கலைக்கப்படும். பொதுநடையில் 'ஓவரெண்ட் நொடித்துப்போயிற்று' எனவும், சட்டநடையில் 'கலைக்கப்பட்டது' எனவும் எழுதுதல் தகும்.

9. இறுதி முறையீடு

இந்நிகழ்ச்சிக்குப் பின், எக்கனாமிஸ்ட் இதழாசிரியர் வால்டர் பேஜட் லம்பார்டு தெரு பற்றிய தம் நூலை 1873இல் வெளியிட்டார். பீதிக் காலத்தில் மைய வங்கி தாராளமாக, உயர்ந்த வட்டிக்கு, நல்ல ஈட்டின் பேரில் கடன் அளிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இப்பணியை ஆங்கிலத்தில் 'லெண்டர் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' எனும் தொடரால் குறிப்பர். தமிழில் இதனைக் 'கடைசிப் புகலிடம்' என்னும் கருத்தமையப் பெயர்ப்பதுண்டு. இத்தொடரின் மூலம் வேறு. 1797இல் பிரான்சிஸ் பேரிங் இங்கிலாந்து வங்கியைக் குறிக்கப் பயன்படுத்தியது பிரெஞ்சுச் சட்டத்தொடர். அது மேல்முறையீடு இல்லாத இறுதி நீதிமன்றத்தைக் குறிப்பது.

இவ்வேறுபாடு பயனற்ற நுட்பம் அன்று. புகலிடம் என்றால் வந்தவரை எல்லாம் காப்பது. அடைக்கலம் புகுந்தாரைக் கைவிடுதல் தமிழ் மரபில் பழி. நீதிமன்றம் என்றால் ஆராய்ந்து தீர்ப்பது; மறுக்கவும் கூடும். 1866இல் இங்கிலாந்து வங்கி ஓவரெண்டை மறுத்து, மறுநாள் சந்தைக்கு வாரி வழங்கியது. புகலிடம் என்னும் சொல்லால் நோக்கினால் இது முரண்பாடு. இறுதி முறையீடு என்னும் சொல்லால் நோக்கினால் முரண்பாடில்லை. 'இறுதிமுறைக் கடனளிப்பாளர்' என்னும் ஆக்கம் மூலப்பொருளுக்கு நெருங்கி நிற்கும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, வணிக ஆவணங்களைப் பெயர்ப்போர் வினையைத் தனியே நோக்காது அதன் செயப்படுபொருளோடு சேர்த்தே நோக்கவேண்டும். பட்டுவாடாவின் நிறுத்தமும் தடையின் நிறுத்தமும் எதிரெதிரானவை. இரண்டாவது, தமிழின் துணைவினைகள் ஆங்கிலம் வெளிப்படையாகக் கூறாத செய்தியைக் கூறும்படி நம்மைக் கட்டாயப்படுத்துகின்றன. அதற்குரிய வரலாற்றுச் செய்தியைத் தேடி அறிதல் மொழிபெயர்ப்பாளர் கடன். மூன்றாவது, உண்டியல், வட்டம், நாணயம், பட்டுவாடா, நொடித்தல் முதலிய சொற்கள் தமிழ் வணிகரிடம் நெடுங்காலம் புழங்கியவை. நொடித்தல் சட்டத்தமிழில் நொடிப்பு என இடம்பெற்றுள்ளது. பிறவற்றையும் கலைச்சொல் தொகுப்போர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஓவரெண்ட் நிறுவனத்தை நம்பிப் பணம் வைத்தவர்களும் பங்கு வாங்கியவர்களும் கணக்கேடுகளைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் கண்டது ஒரு பெயரையும் ஓர் அறிக்கையையும் மட்டுமே. இன்று நம் மக்களுக்கு வைப்புத் திட்டங்களின் விதிகளும் கடன் பத்திரங்களின் நிபந்தனைகளும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகவே வந்து சேர்கின்றன. அவற்றில் ஒரு துணைவினை பிறழ்ந்தாலும் இழப்பு படிப்பவருடையதே. ஆதலின் அவற்றைப் பெயர்ப்போரின் நாணயமும் வங்கியாளரின் நாணயத்தைப் போன்றே காக்கப்படவேண்டிய ஒன்றாகும்.